சிவப்புச் சீட்டு கட்டிய போர்டு

காசிவா யார் கையிலிருந்தும் எதையும் நேராக வாங்கமாட்டாள். ஸ்க்ரூ டிரைவரோ, விடைத்தாளோ, தேநீர்க் கோப்பையோ, எதை நீட்டினாலும் மேசையைப் பார்த்து முகவாயை ஒருமுறை அசைப்பாள். நீட்டியவர் அதை மேசைமேல் வைக்க வேண்டும். அவர் கை விலகின பிறகுதான் அவள் எடுத்துக்கொள்வாள். பத்தொன்பது வருடமாக இதைப் பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சுத்தம் பார்க்கிறாள் என்றார்கள் சிலர். திமிர் என்றார்கள் சிலர். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டைக்கூடப் பக்கத்து ஆள் பெஞ்சில் வைத்துத் தள்ளிவிட வேண்டியிருந்தது. மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று முகவாயை அசைத்துக் காட்டிச் சிரிப்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

துறைத் தலைவர் மக்காவ் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏம்மா காசிவா, என் கையில என்ன சொறியா புடிச்சிருக்கு?"

"அய்யோ அதெல்லாம் இல்ல சார். ரெண்டு கைக்கு நடுவுல ஒரு சாமான் விழுந்துச்சுன்னா யார் போட்டதுன்னு எப்படிச் சொல்றது? மேசையில இருந்து நான் எடுத்தா அது என் பொறுப்பு. அதுவரைக்கும் உங்க பொறுப்பு."

"கல்யாண மோதிரத்தையும் மேசையில வச்சுத்தான் எடுத்துப் போட்டுக்கிட்டியா?"

"அதை அந்த ஆளே மாட்டிவிட்டுட்டுத்தான் மொம்பாசா போனாரு. கழண்டு விழுந்தா அவர் பொறுப்பு."

மக்காவ் வயிறு குலுங்கச் சிரித்தார். காசிவா சிரிக்கவில்லை. அவள் சொன்னதில் பாதி நிஜம்.

அவள் கென்யாவில் மாசீ பக்கத்துக்காரி. அப்பா ஆற்று மணலை லாரியில் அள்ளிப்போடும் கூலி. வீட்டில் எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் அவள். டிப்ளமோ வாங்கிய முதல் ஆளும் அவள்தான். மச்சாகோஸிலிருந்து கிட்டுயி போகிற சாலையில் உள்ள ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் வேலை கிடைத்தபோது, "பொண்ணுக்குக் கரன்டு ஆபீஸ்ல வேலை" என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். திருத்த வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் திருத்துவது என்றும் தெரியவில்லை. உள்ளங்கை அகலப் பச்சைப் பலகை ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்து, அதன் நடுவில் இருக்கிற சின்னக் கறுப்புச் சில்லைக் கம்ப்யூட்டரோடு பேச வைப்பது என் வேலை என்று சொன்னால், மணல் அள்ளும் மனிதருக்கு அது ஒரு வேலை மாதிரியே இருக்காது. சில நாட்களில் அவளுக்கே அது வேலை மாதிரி இருக்கவில்லை.

முதல் வருடத்திலேயே ஒரு நினைப்பு அவளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தான் இந்த நாற்காலியில் இருப்பது எவனோ ஒரு குமாஸ்தாவின் கைப்பிழை. ஒருநாள் ஒருவர் காகிதத்தோடு வந்து, "நீங்க இல்லம்மா, இது வேற காசிவா" என்று எழுப்பிவிடுவார் என்ற நினைப்பு. வருடங்கள் போனபோது அது பயமாக இல்லாமல் போய், மூட்டுவலி மாதிரி உடம்போடு ஒட்டிக்கொண்டது. அதனால் எதையும் முறைப்படி செய்தாள். முறைப்படி செய்தவளை யாரும் எழுப்பமுடியாது.

லேப் சுவரில் அவள் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. மைக்ரோகன்ட்ரோலர் போர்டை எப்படித் தயார்செய்து மின்சாரம் கொடுப்பது என்று எட்டு வரி. போர்டை மரப்பலகைமேல் வை, இரும்பு மேசைமேல் வைக்காதே. ஜம்பர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். அது பால்பல் அளவுக் கறுப்புத் தொப்பி. இரண்டு ஊசிகளைச் சேர்த்து மூடியிருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து மின்சாரம் எடுத்தால் ஒரு பக்கம், பேட்டரியிலிருந்து எடுத்தால் மறு பக்கம். அதை மாற்றும்போது எந்த வயரும் மாட்டியிருக்கக் கூடாது. இப்படிப் போகும் அந்த எட்டு வரி. போர்டோடு வந்த கையேடு அறுபது பக்கம். கல்லூரி அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துபோனதால் பன்னிரண்டு பக்கம்தான் அச்சானது. அந்தப் பன்னிரண்டும் அவளுக்கு மனப்பாடம்.

2016இல் வயூவா என்று ஒரு மாணவி கடைசி வருடத்தில் இருந்தாள். மாக்குவேனிப் பக்கத்துப் பெண். நெட்டையாக இருப்பாள், வாய் ஓயாது. அவள் ஊர் ஆற்றில் மணல் அணை உண்டு. வருடத்தில் பத்து மாதம் மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்குள் இருக்கும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். பெண்கள் விடிகாலையில் போய் இடுப்பளவு குழி தோண்டி, ஒன்றும் ஊறாமல் வேறு இடம் தேடி நகர்வார்கள். வயூவா ஒரு நீளக் கம்பியை மணலில் இறக்கி, அதைப் போர்டோடு இணைத்து, தண்ணீர் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு பச்சை விளக்கு சொல்லும்படி செய்திருந்தாள். ஒரு முழத்தில் என்றால் நிதானமாக ஒரு மினுக்கல். இரண்டு முழம் என்றால் இரண்டு.

"இது என்னம்மா, மூணு தடவை வேக வேகமா துடிக்குது?" என்று காசிவா கேட்டாள்.

"கம்பியைக் கழட்டிட்டேன் மேடம். அதான் 'கம்பியைக் காணோம், எனக்குத் தெரியாது'ன்னு சொல்லுது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டா பொம்பளைங்க சும்மா தோண்டிச் சாவாங்கல்ல?"

செய்முறைத் தேர்வில் போர்டு ஓடினால் டிப்ளமோ உண்டு. ஓடாவிட்டால் இன்னொரு வருடம். இன்னொரு வருடம் படிக்க வைக்க வயூவா வீட்டில் வழியில்லை என்பது துறையில் எல்லாருக்கும் தெரியும். அவளே சிரித்துக்கொண்டு சொல்லித் திரிவாள்: "ஓடலைன்னா என்னைக் கட்டிக்குடுத்துருவாங்க. மாப்பிள்ளை ரெடி. அவனுக்கு ஆறு பல்லு இல்ல."

தேர்வுக்கு முதல் நாள் ஊருக்குப் போய், அணை மணலில் பேட்டரி வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நன்றாக ஓடியதாம். இரண்டு முழம் என்று சொன்னதாம். தோண்டிப் பார்த்தால் இரண்டு முழத்தில் தண்ணீராம்.

மறுநாள் காலையில் கேபிளைக் காணோம். போர்டோடு வந்த தடித்த கேபிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரோ போன் சார்ஜ் போட எடுத்துப் போயிருந்தார்கள். அந்தக் கல்லூரியில் காணாமல் போகிற சாமான்களில் முதல் இடம் கேபிளுக்குத்தான். தேர்வாளர் நைரோபியிலிருந்து வந்து, பழுப்புக் கோட்டோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அன்று இன்னும் இரண்டு கல்லூரி பாக்கி. காசிவா தன் கைப்பையைத் திறந்து சொந்தக் கேபிளை எடுத்தாள். பஸ் நிறுத்தத்தில் டார்ச் விளக்கும் மூக்குக்கண்ணாடியும் விற்கிறவனிடம் வாங்கியது. முறைப்படி முதலில் சோதித்தாள். கம்ப்யூட்டரில் ஒரு முனை, தன் போனில் மறு முனை. போன் 'க்ளுங்' என்றது; சார்ஜ் ஏறியது. கேபிள் நல்ல கேபிள். மேசைமேல் வைத்தாள். வயூவா எடுத்து மாட்டினாள்.

மூலையில் ஒரு சிவப்பு விளக்கு மெதுவாக மினுக்கியது. அவ்வளவுதான். சில்லுக்குப் பக்கத்தில் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. பச்சை விளக்கு அசையவில்லை. கம்ப்யூட்டர் அப்படி ஒரு சாமான் மாட்டியிருப்பதையே ஒப்புக்கொள்ளவில்லை.

"ஜம்பரைத் திரும்ப மாத்தினியா?"

"மாத்திட்டேன் மேடம். நீங்களே பாருங்க."

காசிவா பார்த்தாள். சரியான பக்கத்தில்தான் இருந்தது. கம்ப்யூட்டரை மாற்றினார்கள். வெளியே நின்ற பையன்களிடம் கேபிள் கேட்டார்கள். மூன்று பேர் கொடுத்தார்கள். மூன்றும் அதே பஸ் நிறுத்தத்து ஆளிடம் வாங்கியவை. மூன்றும் போனுக்குச் சார்ஜ் ஏற்றின. மூன்றிலும் போர்டு சிவப்பாக மினுக்கியது.

"நாலு கேபிளும் தப்பா இருக்காது" என்றாள் காசிவா.

தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேத்து பேட்டரியில ஓட்டினதா சொன்னாங்களே. எத்தனை வோல்ட்?"

"பன்னிரண்டு சார். சரியான ஊசியிலதான் குடுத்தேன். ஓடுச்சு சார், நான் பார்த்தேன்" என்றாள் வயூவா.

"ஓடிச்சும்மா, நான் இல்லைங்கலையே. இப்ப ஓடலை." அவர் காசிவா பக்கம் திரும்பினார். "மேடம், சும்மா ஓடலைன்னு என்னால எழுத முடியாது. காரணம் வேணும். லேப்ல கோளாறா, போர்டுல கோளாறா, மாணவி கோளாறா? ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

காசிவா யோசித்தாள். லேப் கோளாறு இல்லை. கேபிளைச் சோதித்தாகிவிட்டது, ஜம்பரைப் பார்த்தாகிவிட்டது, எட்டு வரியும் செய்தாகிவிட்டது. போர்டு நேற்றுவரை நன்றாக இருந்தது. மிச்சம் இருந்தது பேட்டரி. 'தெரியவில்லை' என்று எழுதலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. அந்தச் சொல்லை எழுதுகிற டெக்னீஷியனை யாராவது வந்து எழுப்பிவிடுவார்கள் என்றும் தோன்றியது. 'பேட்டரி இணைப்பில் மாணவி செய்த தவறால் போர்டு எரிந்துவிட்டது' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

"நான் எரிக்கலை மேடம்" என்றாள் வயூவா. அழவில்லை. கம்பியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அன்று மதியம் விடுதியில் முத்தோகோய். சோளமும் பயறும் நன்றாக வெந்திருந்தன. காசிவா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

அரசாங்கச் சாமான் செத்தாலும் அதைத் தூக்கிப்போட முடியாது. சிவப்புச் சீட்டில் காரணம் எழுதி அதன் கழுத்தில் கட்டி, அலமாரியில் வைக்க வேண்டும். கழிவுக் குழு என்று ஒன்று என்றைக்காவது வரும். வந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆமாம் செத்ததுதான் என்று எழுதின பிறகுதான் சாக்கில் போகும். வயூவாவின் போர்டுக்கும் காசிவா சிவப்புச் சீட்டு கட்டினாள். உடைந்த மீட்டர்களுக்கும் ஊதிப்போன மின்மாற்றிகளுக்கும் நடுவில் வைத்துப் பூட்டினாள்.

ஆறு வருடம் போனது. அப்பா இறந்தார். மொம்பாசா போன கணவர் வருடத்துக்கு இரண்டு முறை வந்துகொண்டிருந்தவர், ஒரு வருடம் ஒருமுறை மட்டும் வந்தார், பிறகு வரவில்லை. மகன் கிசுமுவில் படிக்கப் போனான். வயூவா அத்தி ரிவர் என்ற ஊரில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். அப்படியா என்று கேட்டுக்கொண்டாள்.

2022 ஆகஸ்டில் கழிவுக் குழு வருகிறது என்று கடிதம் வந்தது. குழு வருவதற்கு முன்னால் ஒவ்வொரு சாமானையும் டெக்னீஷியன் இன்னொரு முறை சோதித்து, 'மறுபடியும் பார்த்தேன், பயனில்லை' என்று சீட்டின் பின்புறம் எழுத வேண்டும். யாரும் சோதிப்பதில்லை, எழுதுவதோடு சரி. காசிவா சோதித்தாள். ஒரு வியாழக்கிழமை, மதியத்துக்கு மேல். ஒவ்வொன்றாக மாட்டி, செத்தது என்று எழுதி, தள்ளி வைத்தாள். வயூவாவின் போர்டு வந்தது. பக்கத்தில் அந்த மாதம் வந்திறங்கிய புது அலைகாட்டிக் கருவியின் கேபிள் கிடந்தது. வேறு எதுவும் நினைக்காமல் அதை எடுத்து மாட்டினாள்.

சிவப்பு விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு நிலையாக நின்றது. சில்லுக்குப் பக்கத்து விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு வேகமாக மூன்று முறை துடித்தது. நின்றது. மறுபடி மூன்று முறை துடித்தது.

காசிவா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பியைக் காணோம், எனக்குத் தெரியாது. கம்பியைக் காணோம், எனக்குத் தெரியாது.

பிறகு தன் கைப்பையிலிருந்து சார்ஜ் கேபிளை எடுத்தாள். அது பழைய கேபிள் இல்லை; ஆனால் அதே நிறுத்தத்தில், அதே ஆளிடம் வாங்கியது. போர்டில் மாட்டினாள். சிவப்பு மெதுவாக மினுக்கியது. மற்றதெல்லாம் இருண்டது. பிளேடால் கேபிளின் தோலைக் கீறினாள். உள்ளே சிவப்பாக ஒரு கம்பி, கறுப்பாக ஒரு கம்பி. நான்கு இருக்க வேண்டும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. போன் சார்ஜ் போடப் பேச்சு வேண்டியதில்லை என்று எங்கோ எவனோ இரண்டு கம்பியை மிச்சம் பிடித்திருந்தான். மச்சாகோஸ் முழுக்க அந்தக் கேபிள்தான்.

கையேட்டைப் போனில் இறக்கினாள். அவள் பார்த்தேயிராத பக்கங்களில் ஒன்றில் எழுதியிருந்தது: போர்டு முதலில் சொட்டு மின்சாரம் மட்டும் எடுத்துக்கொண்டு, இன்னும் எடுக்கலாமா என்று கம்ப்யூட்டரிடம் கேட்கும். சரி என்று பதில் வந்தால்தான் சில்லுக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும். பதில் வராவிட்டால் சிவப்பு விளக்கை மெதுவாக மினுக்கிக்கொண்டு காத்திருக்கும்.

நான்கு கேபிளில் நான்கு முறை கேட்டிருக்கிறது.

அவள் பிளேடை உறைக்குள் போட்டாள். தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். மட்டாட்டு வேனில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சோளமாவில் உகாலி கிண்டி, கீரை வதக்கிச் சாப்பிட்டாள். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தாள். அழுகை வரும், நெஞ்சு அடைக்கும், ராத்திரி தூக்கம் போகும் என்று எதிர்பார்த்தாள். நன்றாகத் தூங்கினாள். காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது, தனக்கு ஏன் ஒன்றுமே ஆகவில்லை என்ற கேள்விதான் இருந்தது. தான் கெட்டவளா, களைத்தவளா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

பழைய கோப்பில் வயூவாவின் போன் எண் இருந்தது. அதே எண்தான் இன்னும் ஓடியது. சனிக்கிழமை மதியம் தொழிற்சாலை வாசலுக்கு வரச் சொன்னாள் வயூவா.

வாசலுக்கு எதிரே தகரக் கொட்டகைகள். பெண்கள் நீல மேலங்கியோடு குந்தி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வயூவா பருத்திருந்தாள். தூரத்திலிருந்தே கையை வீசினாள். கூட வந்த தோழி காசிவாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாருடி இது, ஒன் மாமியாரா? சீர் செனத்தி ஒன்னையும் காணோம்?"

"போடி. எங்க காலேஜ் மேடம்டி. இவங்க கையில எதையும் குடுத்துராத, கடிச்சிருவாங்க."

தோழி சிரித்துக்கொண்டே வேறு கொட்டகைக்குப் போனாள். வயூவா தேநீர் வாங்கிவந்து நீட்டினாள். வைக்க ஒரு மேசை இல்லை. காசிவா கையில் வாங்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன் மேடம். ஜிப் தைக்கிறேன். ஒரு நாளைக்கு அறுநூறு ஜிப். அமெரிக்காக்காரன் பூரா என் ஜிப்பைத்தான் ஏத்தி எறக்குறான்." சிரித்தாள். "ஆறு பல்லு இல்லாதவன் வேற எவளையோ கட்டிக்கிட்டான். அது ஒன்னுதான் லாபம்."

காசிவா சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கேபிளில் இரண்டு கம்பிதான் இருந்தது, போர்டு எரியவில்லை, நேற்று முன்தினம் ஓடியது என்று மூன்று வாக்கியம். மந்திரிகள் அறிக்கை படிப்பதுபோல் தன் குரல் இருந்ததை அவளே கவனித்தாள்.

வயூவா மேலங்கியில் ஒட்டியிருந்த நூலைக் கிள்ளி எறிந்தாள்.

"ஓடிச்சா? என்ன சொல்லிச்சு?"

"மூணு தடவை துடிச்சுது."

"கம்பி மாட்டலைல்ல. சரியாத்தான் சொல்லுது." மூக்கைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். "அம்மா கேக்கும்போதெல்லாம் நான்தான் எரிச்சேன்னு சொன்னேன் மேடம். மொதல்ல சும்மா சொன்னேன். அப்புறம் நானே நம்பிட்டேன். பேட்டரி வயரை மாத்திச் சொருகினது என் கண்ணு முன்னால தெரியும். சொருகவே இல்ல, ஆனா தெரியும். மெஷின்ல உக்காந்திருக்கும்போது அதையேதான் பார்ப்பேன்."

"வயூவா—"

"இருங்க மேடம். திட்டுறதுக்கு எனக்கு நேரமில்ல, இருபது நிமிஷத்துல மணி அடிச்சிருவான். ஒன்னு மட்டும் பண்ணுங்க. எங்க மாவட்டத் தண்ணி ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்க, மணல் அணை வேலைக்கு. அக்டோபர் வரைக்கும் டயம். டிப்ளமோ இருந்தாதான் பேப்பரே வாங்குவான். எனக்கு மத்த பாடமெல்லாம் பாஸ். இந்தச் செய்முறை ஒன்னுதான் நிக்குது. போர்டு எரியலை, பொண்ணு மேல தப்பில்லன்னு ஒரு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேர்வு வாரியத்துக்கு அனுப்புங்க. மறுபடி தேர்வு வச்சாப் போதும். நான் வந்து ஓட்டிக் காட்டுறேன்."

"அனுப்புறேன்."

"நிச்சயமா?"

"அனுப்புறேம்மா."

மணி அடித்தது. வயூவா மேலங்கியைத் தட்டிக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் திரும்பி, "அந்தப் போர்டை யாருக்கும் குடுத்துராதீங்க மேடம்!" என்று கத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் மக்காவைத் தனியாகப் பிடித்துச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுதும் கேட்டார்.

"எழுது. நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா எழுதுறவ முழுசா எழுதணும். அந்தக் கேபிள் யார் குடுத்தது?"

"நான்தான்."

"பொண்ணு தப்புன்னு எழுதினது?"

"நான்தான் சார்."

"விசாரணைன்னு ஒன்னு வைப்பாங்க. வேலை போகாது. ஆனா நீ இதுவரைக்கும் எழுதிக் குடுத்த சீட்டு அத்தனையையும் தோண்டுவாங்க. பத்தொன்பது வருஷம். அதையும் யோசிச்சுக்கோ. வேணாம்னு நான் சொல்லல." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "நாளைக்குக் குழு வருது. அந்தப் போர்டை மட்டும் தனியா எடுத்து வச்சிரு."

திங்கட்கிழமை குழு ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. மூன்று பேர். ஒருவர் சீட்டைப் படித்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் சாக்கைப் பிடித்துக்கொண்டார். காசிவா போர்டைத் தனியாக எடுத்து வைக்கவில்லை. மறக்கவில்லை; அலமாரியைத் திறந்தபோது கண்ணில் பட்டது. எடுக்கலாம் என்று நினைத்தாள். எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லலாம். அவர்கள் வாசலில் வந்து நின்றபோதும் சொல்லலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்று. மாணவி தவறால் எரிந்தது" என்று முதலாமவர் படித்தார். சீட்டைத் திருப்பினார். "பின்னாடி ஒன்னும் எழுதலையே. பார்த்தீங்களா மேடம்?"

"பார்த்தேன்."

"அப்ப சரி." எழுதுகிறவர் கோடு போட்டார். சாக்குக்காரர் வாயைத் திறந்து பிடித்தார். அடுத்து ஒரு மீட்டர். அதற்கடுத்து இன்னொரு மீட்டர். பொய் சொல்லவில்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். பார்த்தேன் என்றுதான் சொன்னாள். பதினொன்றரைக்குச் சாக்கைக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள். அவளும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள். கனமாகத்தான் இருந்தது.

கடிதத்தை மூன்று முறை ஆரம்பித்தாள். முதல் முறை 'கனம் பொருந்திய' என்பதோடு நின்றது. இரண்டாம் முறை கேபிள் பற்றி நான்கு வரி வந்தது; படித்துப் பார்த்தபோது யாரோ பஸ் நிறுத்தத்து வியாபாரியைக் குற்றம் சொல்வதுபோல் இருந்தது. மூன்றாம் முறை 'நான்' என்று எழுதி, பேனாவை மூடி வைத்தாள். போர்டு இல்லாமல் எதைக் காட்டி நம்ப வைப்பது என்று ஒரு நாள் நினைத்தாள். அது உண்மையான காரணம் இல்லை என்றும் அன்றே நினைத்தாள். உண்மையான காரணம் எது என்று தேடினால் எதுவும் அகப்படவில்லை. பயம்கூட அகப்படவில்லை.

செப்டம்பரில் வயூவாவிடமிருந்து செய்தி வந்தது: 'மேடம் அனுப்பிட்டீங்களா?' காசிவா 'இந்த வாரம்' என்று பதில் போட்டாள். பத்து நாள் கழித்து மறுபடி வந்தது. மறுபடி 'இந்த வாரம்' என்றாள். அக்டோபர் பதினெட்டாம் தேதி, 'நாளைக்குக் கடைசி நாள் மேடம்' என்று வந்தது. அதற்குப் பதில் போடவில்லை. அதற்குப் பிறகு செய்தி எதுவும் வரவில்லை.

அடுத்த ஏப்ரலில் வோய் ஊரில் புதிதாகத் திறந்த கல்லூரிக்கு அவளை மாற்றினார்கள். லேபை முதலிலிருந்து அமைக்க அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று உத்தரவில் இருந்தது. இருபது போர்டு வாங்கியிருக்கிறார்களாம், பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றனவாம். கிளம்புகிறவர்கள் ஒரு படிவத்தைத் துறை துறையாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். நூலகம், விடுதி, சமையற்கூடம், பொருட்கிடங்கு, விளையாட்டுத் துறை. இவரிடம் எங்களுக்கு வரவேண்டியது ஒன்றும் இல்லை என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிக் கட்டத்தில் மக்காவ் போட வேண்டும். பேனாவை எடுத்துவிட்டு அவளை ஒருமுறை பார்த்தார்.

"அதை எழுதினியா?"

"இல்ல சார்."

"எழுதுவியா?"

"எழுதணும் சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். அவள் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, வோய் வழியாகப் போகிற மொம்பாசா பஸ் ஏறினாள். கல்லூரியைப் பொறுத்தவரை அவள் யாருக்கும் ஒன்றும் தரவேண்டியதில்லை. வயூவாவுக்குத் தருவதாகச் சொன்ன அந்த ஒரு பக்கம் இன்றுவரை எழுதப்படவில்லை.